காற்றடிக்கும் சாலை

எல்லாம் ஒரு பலகையால் வந்தது. மலைப்பாதைக்கென்று எழுதின பலகையில் ஒன்று லாரியில் மிச்சம் கிடக்கிறதே, திரும்பக் கொண்டுபோனால் ஏன் மிச்சம் என்று ஆயிரம் கேள்வி வருமே என்று நினைத்த ரோட்டு ஆபீஸ் ஆட்கள், கண்ணுக்கு எட்டின தூரம் நூல் பிடித்த மாதிரி கிடந்த மேலக்கரிசல் சாலையின் ஓரத்தில் ஒரு குழி தோண்டி, அதை நட்டு, மண்ணை மிதித்து இறுக்கி, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் போனார்கள். பலகையில் மேலே இங்கிலீஷில் வைண்டிங் ரோடு என்று இருந்தது. வளைந்து வளைந்து போகிற சாலை என்று அர்த்தம். அதைத் தமிழாக்கிய புண்ணியவான் அகராதியில் அதே எழுத்துகளைத் தேடி, விண்ட் என்றால் காற்று என்று கண்டு, கீழே கொட்டை எழுத்தில் 'காற்றடிக்கும் சாலை' என்று எழுதியிருந்தார்.

மறுநாள் காலையில் சாலை நெளிந்து கிடந்தது. காற்றும் அடித்தது. பலகை இரண்டு மொழியில் இரண்டு சொல்லிற்று, இரண்டும் நடந்தன. அரசாங்கம் எழுதி வைத்தது எழுதினபடியே நடந்துவிட்டதே என்பதுதான் ஊரில் அன்றைக்குப் பேச்சாக இருந்தது. சாலை நகர்ந்ததைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை.

கீழக்கரிசலில் அன்னக்கொடி கழுநீர் ஊற்றுவதற்காகக் கதவைத் திறந்தபோது வாசலில் தார்ச்சாலை படுத்திருந்தது. விரட்ட விரட்ட வந்து படுக்கிற நாய் மாதிரி, வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு, வெள்ளைக்கோடு நடுவில் ஓட, அவள் வாசற்படிக்கும் எதிர்வீட்டு ஆட்டுக்கொட்டிலுக்கும் நடுவே வளைந்து, சிலுவை வைத்த வேதக்கோயிலைச் சுற்றி, பம்புசெட்டுகளை ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, திரும்பவும் மேலக்கரிசல் பக்கமாகப் போயிற்று. அவள் கழுநீரை ஊற்றாமல், ஊன்றுகட்டையை அதன்மேல் வைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள். கட்டை உள்ளே இறங்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். அப்போதும் இறங்கவில்லை. பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

சாலை நகருமா, இதெல்லாம் நம்புகிற மாதிரியா இருக்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. நகராமல் கிடந்த காலத்தில் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? மேலக்கரிசல் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிற சாலை, கூப்பிடுதூரத்தில் இருக்கிற கீழக்கரிசலை ஏன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று எந்தக் கெட்டிக்காரரும் கேட்டதில்லை. இடையில் கிடந்தது கரிசல். ஒரு தூறல் போட்டால் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற மண். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடதுகால் சூம்பிப்போன அன்னக்கொடிக்கு அந்த மண் கட்டையைப் பிடுங்கிக்கொள்ளும், கட்டையை இழுத்தால் ஆளைப் பிடுங்கிக்கொள்ளும். டவுனில் நைட்டி தைக்கிற கம்பெனியில் வேலை இருக்கிறது, வா வா என்று எத்தனையோ தடவை ஆள் சொல்லி அனுப்பியும், கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் யாராவது சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால்தான் அவள் ரோட்டைப் பார்ப்பாள். மற்ற நாளெல்லாம் வீட்டுக்குள் மிஷினை மிதித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே தவித்துக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒருதரம் சன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அப்படிக் கிடந்தவளின் வாசலுக்கு, இருபத்தெட்டு வயதில், ரோடு தானாக நடந்து வந்தது. இதில் நம்ப முடியாதது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஊருக்கு இதை விளங்கவைத்தவர் மேலக்கரிசல் முக்கில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் ராசையா. வைண்டிங் என்ற சொல் அவர் கடைப் பலகையிலும் இருந்ததால், மொத்த ஊரும் அவர் கடை முன்னால் போய் நின்றது.

"இதுல என்ன இருக்கு? மோட்டார் கருகிப்போனா பழைய காயிலப் பிரிச்சுட்டுப் புதுசாச் சுத்துறோம்லா, அதுதான் வைண்டிங். ரோடும் நம்ம வெயிலுக்குக் கருகிருச்சு. சுத்திவிட்டுருக்கான்" என்றார் ராசையா, செம்புக்கம்பியை விடாமல் சுற்றிக்கொண்டே.

"அப்ப காத்து?"

"சுத்துனா காத்து வராதா? ஃபேன் எதுக்குச் சுத்துது?"

ஊர் வேலையைப் பார்க்கப் போயிற்று. டீக்கடைக்காரர், சாலை முதுகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டதால் கடையின் பின்சுவரை இடித்து அந்தப் பக்கம் வாசல் வைத்தார். ஆட்டுக்காரர்கள் வளைவுக்கு வளைவு ஆளுக்கொரு பட்டி போட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்கள், சாலை கிறுக்கிக்கொண்டே போகிற ஊரில் புத்தி மட்டும் எப்படி நேராக இருக்கும் என்று திரும்பிப் போனார்கள். வேறு சிலர், வாசல் வரைக்கும் கார் வருகிறதே என்று புதிதாக வந்தார்கள். காற்றுதான் ஒருவரையும் ஒரு இடத்தில் இருக்கவிடவில்லை. அது ஆடிக்காற்று மாதிரி வந்து போகிற காற்று இல்லை. பலகை ஓயச் சொல்லவில்லை, அதனால் ஓயவில்லை. அடுப்பு பற்றவில்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, கொடியில் போட்ட சேலையை அடுத்த ஊரில் போய் வாங்கிவர வேண்டியிருந்தது, படுத்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்து நடந்தார்கள், நடந்தவர்கள் எதற்கு நடக்கிறோம் என்று தெரியாமல் சண்டை பிடித்தார்கள்.

அன்னக்கொடிக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூக்குவாளியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏழே காலுக்கு வாசலில் வந்து நிற்கிற பஸ்ஸில் ஏறினாள். கம்பெனியில் அவளைப் பவர் மிஷினில் உட்காரவைத்தார்கள். வீட்டு மிஷினை ஒற்றைக்காலால் மிதித்து மிதித்துப் பழகினவளுக்கு, தொட்டதும் பறக்கிற அந்த மிஷின் பிடித்துப்போயிற்று. சாயங்காலம் திரும்பி வரும்போது வளைவுகளில் பஸ் சாய்கிறபோதெல்லாம் அவளும் சாய்ந்தாள், எல்லாரும் சாய்ந்தார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் நடையைப் போலவே எல்லாரும் ஒருபக்கமாக ஆடுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வினை அந்த பஸ்ஸில்தான் முளைத்தது. சாலை வளைந்த வளைவில் பஸ் முதலில் கீழக்கரிசலுக்கு வந்துவிட்டு அப்புறம்தான் மேலக்கரிசலுக்குப் போயிற்று. மேலக்கரிசல் ஆட்கள் ஏறும்போது சன்னலோரமெல்லாம் கீழக்கரிசல் உட்கார்ந்திருந்தது. நடுவில் இடம் இருந்தது. ஆனாலும் அவர்கள் நின்றார்கள்.

"உக்காருங்க அண்ணாச்சி, இடந்தான் கெடக்கே" என்றாள் அன்னக்கொடி, ஊராட்சித் தலைவர் சீனிராஜைப் பார்த்து. அவருடைய கார் காற்றில் மண் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது.

"இருக்கட்டும், இருக்கட்டும். இறங்கப்போறதுதான."

"டவுனுக்கு இன்னும் பதினெட்டு வளைவு இருக்கு" என்றாள்.

கண்டக்டர் ஆவுடையப்பன் வேறு சும்மா இராமல், "என்ன அண்ணாச்சி, சீட்டுல ஆணி எதுவும் நீட்டிக்கிட்டு இருக்கா? சொன்னா அடிச்சு இறக்கிருவம்லா" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. சீனிராஜ் டவுன் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு பக்கம் விழுந்துகொண்டு வந்தார்.

மறுநாளே ரேஷன் கடை முன்னால் கூட்டம் போட்டுவிட்டார்கள். பேச்செல்லாம் காற்றைப் பற்றித்தான். பிள்ளைகள் தூங்கவில்லை, மாடு கறக்கவில்லை, கூரை நிற்கவில்லை. ஆகையால் பலகையைப் பிடுங்கிவிட வேண்டும். பலகையைப் பிடுங்கினால் சாலையும் பழையபடி போய்விடும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்னக்கொடிக்கு மட்டும் அது தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. அவள் உடனே தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

தங்கச்சி இசக்கி பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கிறாள். ஹாஸ்டல் சாம்பாரிலிருந்து சந்திரமண்டலம் வரைக்கும் வாதாடுகிறவள். அடுத்த பஸ்ஸிலேயே தலையணை மொத்தத்துக்கு ஒரு அகராதியோடு வந்து இறங்கி, நேரே கூட்டத்தின் நடுவில் போய் நின்றாள்.

"காத்துதான உங்களுக்குப் பிரச்சினை? அது இங்கிலீஷ் பண்ணுன வேலை இல்லை. ஒரே எழுத்து, ரெண்டு வாசிப்பு. வைண்டுன்னு வாசிச்சா வளையும், விண்டுன்னு வாசிச்சா வீசும். எவனோ தப்பா வாசிச்சுட்டான். தமிழ் வரியை அழிச்சா காத்து நிக்கும்."

"நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா அப்புறம் வாங்க, வாதாடுவோம்."

ஒரு டப்பா வெள்ளை எனாமலைக் கொண்டுவந்து கீழ்வரியின்மேல் பூசினாள். கடைசி எழுத்து மறைந்ததும், யாரோ சுவிட்சை அணைத்தது மாதிரி காற்று நின்றது. ஆடிக்கொண்டிருந்த வேப்பங்கிளைகள் அப்படி அப்படியே நின்றன. பறந்துகொண்டிருந்த வேட்டிகள் இறங்கின. ஊரே காது அடைத்தது போலாயிற்று.

"சரி. இப்பச் சொல்லுங்க, ரோட்டுக்கு வேற என்ன குறை?" என்றாள் இசக்கி.

காற்று இருந்தபோது எல்லாரும் அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தார்கள் போல. அது போனதும் எதன்மேல் சாய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் சீனிராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டைம் ஆகுதும்மா. வளைவு ஜாஸ்தி. நாங்க உங்க ரோட்டைப் பறிக்கணும்னா சொல்லுதோம்? வேற நல்ல வார்த்தையாப் பாத்து எழுதலாம்கோம்" என்றார்.

"எழுதலாமே" என்றாள் இசக்கி, அகராதியைத் தட்டி. "நெளியுறதுக்கும் திருகுறதுக்கும் மட்டும் இங்கிலீஷ்ல ஒரு கூடை வார்த்தை வச்சுருக்கான்."

அன்னக்கொடி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, இருக்கதே நல்லாத்தான இருக்கு. எதுக்கு மாத்தச் சம்மதிக்க?"

"அக்கா, வாதத்துல ஒரு படி விட்டுக்குடுக்கணும்."

"ஏட்டி, நீ விட்டுக்குடுக்குற படி நம்ம வாசப்படி."

முதலில் ட்விஸ்ட் என்று எழுதினார்கள். இசக்கி சொன்ன அர்த்தம் முறுக்கிக்கொண்டு திரும்புவது. ஆனால் ஊருக்கு அந்த வார்த்தை சினிமாவிலிருந்து தெரியும். சாலை வழக்கம்போலக் கிளம்பி, பம்புசெட்டு வரைக்கும் ஒழுங்காகப் போய், எல்லாரும் டவுன் வரப்போகிறது என்று எழுந்து நிற்கிற நேரத்தில், யாரும் எதிர்பார்க்காமல் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் முடிந்தது. உள்ளே இருந்த ஏட்டையா தொப்பியை மாட்டிக்கொண்டு, "மொத்தமா சரண்டரா?" என்றார். அப்போதுதான் ஊருக்குச் சூட்சுமம் புரிந்தது: அகராதியில் என்ன இருக்கிறது என்று சாலை பார்ப்பதில்லை, இந்த ஊர் ஒரு வார்த்தையை எப்படி வாசிக்கிறதோ அப்படித்தான் அதுவும் வாசிக்கிறது.

அடுத்து காயில். ராசையா அது தன் வார்த்தை என்று மார்தட்டினார். ஆனால் அவரைவிட ஊருக்குக் கொசுவத்திக் காயிலைத்தான் கூடுதலாகத் தெரியும். சாலை வற்றிப்போன கண்மாய்க்குள் இறங்கி, வட்டத்துக்குள் வட்டமாகச் சுருண்டு, நடுமையத்தில் போய் நின்றது. மையத்தில் மாட்டிக்கொண்ட பஸ்ஸை ரிவர்ஸிலேயே எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் ஆவுடையப்பனுக்கு விசில் ஊதி ஊதிக் கன்னம் வீங்கிவிட்டது.

மூன்றாவது வார்த்தையை அன்னக்கொடி கொடுத்தாள். அதை நினைத்து அவள் பின்னால் வெகுவாக நொந்துகொண்டாள். கம்பெனியில் இரண்டு துணியைப் பிரியாமல் பிடிப்பதற்கு ஜிக்ஜாக் தையல் போடுவார்கள். அந்தப் பக்கம் ஒரு குத்து, இந்தப் பக்கம் ஒரு குத்து. ரெண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கட்டுமே என்று அவள் சொல்ல, இசக்கி எழுத, சாலை மேலக்கரிசலில் ஒரு குத்து, கீழக்கரிசலில் ஒரு குத்து என்று இரண்டு ஊரையும் சேர்த்துத் தைத்துவிட்டது. ஏறினால் மேலக்கரிசல், இறங்கினால் கீழக்கரிசல், திரும்பினால் மேலக்கரிசல். டவுனுக்குப் போகிற நுனி எங்கேயும் இல்லை. மேலக்கரிசல் கல்யாண ஊர்வலம் ஒன்று கீழக்கரிசல் தெருவழியே ஏழெட்டுத் தடவை போய்வந்தது. நாலாவது சுற்றில் மாப்பிள்ளை இறங்கி, அன்னக்கொடி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டார், சொம்பையும் கையில் கொடுத்தார். அதைப் பார்த்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து அன்றைக்குச் சாயங்காலமே பலகையை அழித்தார்கள்.

கடைசியாக இசக்கி மியாண்டர் என்று எழுதினாள். ஆறு சமவெளியில் சோம்பலாக வளைந்து போகுமே, அது. வார்த்தைகளிலேயே அழகான வார்த்தை என்றாள். அந்த வார்த்தையை ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆகையால் சாலை எதுவும் செய்யவில்லை. பாடம் படிக்காமல் வந்து எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி, மேலக்கரிசலுக்கும் கீழக்கரிசலுக்கும் நடுக்காட்டில் முழித்துக்கொண்டு கிடந்தது. இசக்கி வீடுவீடாகப் போய் விளக்கினாள். விளங்க விளங்க அது மெல்ல அசைந்து, இரண்டு வாசலையும் தொட்டு, டவுனையும் தொட்டது உண்மைதான். ஆனால் சோம்பலையும் சேர்த்து அல்லவா விளக்கியிருந்தாள்? ஏழே கால் பஸ் பத்தரைக்கு வந்தது. கம்பெனி சூப்பர்வைசர், "என்னம்மா, ரோடு இன்னைக்கும் ஆத்தங்கரைக்குக் குளிக்கப் போயிருச்சா?" என்றார். அடுத்த தடவை இப்படி வந்தால் வரவே வேண்டாம் என்றும் சொன்னார்.

இந்தச் சந்தடியில் சீனிராஜ் ரோட்டு ஆபீஸுக்கு நடையாய் நடந்து வேலையை முடித்துவிட்டார். ஒரு காலைப்பொழுதில் லாரி வந்தது. பழைய பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுப்பலகை நட்டார்கள். இங்கிலீஷில் ஸ்ட்ரெய்ட் ரோடு. போன தடவை பட்ட பாடு போதும் என்று தமிழை எழுதவே இல்லை; தமிழ் வரவேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது. அந்த வார்த்தையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நட்ட கை ஈரம் காயும் முன்னே, அன்னக்கொடியின் வாசலில் படுத்திருந்த சாலை எழுந்து, விரித்த பாயை இழுத்துச் சுருட்டின மாதிரி மேற்கே போய்விட்டது. கூடவே ஏழே கால் பஸ்ஸும் போயிற்று.

அன்றைக்குப் பார்த்து மழை. இசக்கி ஒவ்வொரு ஆபீஸாகப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். நேர் என்பதற்கு யார் அளவுகோல் வைத்திருக்கிறார்கள், எங்கிருந்து பார்த்தால் நேர், யார் வாசலிலிருந்து பார்த்தால் கோணல் என்று அவள் கேட்டதற்கெல்லாம் மறுமுனையில் இருந்தவர்கள், மேடம், லைன் சரியாக் கேட்கலை என்றார்கள். அன்னக்கொடி மிஷின் முன்னால் உட்கார்ந்தாள், எழுந்தாள், சன்னலைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். நாளைக்கும் வராவிட்டால் மிஷினில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவோம் என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"வளைவுன்னு ஒன்னு, நெளிவுன்னு ஒன்னு... இன்னும் எழுதாத வார்த்தை எத்தனையோ இருக்குக்கா" என்றாள் இசக்கி, அகராதியைப் புரட்டிக்கொண்டே. "ஸ்பைரல் இருக்கு, ஸ்வெர்ல் இருக்கு, ரிகிள் இருக்கு..."

அன்னக்கொடி திடீரென்று கேட்டாள்: "இம்புட்டு வார்த்தை எழுதுனமே, எப்படிப் போகணும்னுதான எல்லாத்துலயும் எழுதுனோம்? எங்க போகணும்னு ஒரு பலகையிலயாச்சும் எழுதுனோமா?"

இசக்கி அகராதியை மூடிவைத்தாள்.

அன்னக்கொடி எனாமல் டப்பாவில் கருப்பு எது என்று கேட்டு வாங்கித் தூக்குவாளிக்குள் வைத்தாள். நானும் வாரேன் என்ற தங்கச்சியிடம், நீ வந்தா வழியெல்லாம் பேசுவ, எனக்கு மூச்சு வேணும் என்றாள். கரிசலில் இறங்கினாள். மண் கட்டையைப் பிடித்தது. அவள் இழுத்தாள். மண் காலைப் பிடித்தது. அவள் உட்கார்ந்து, காலை இரண்டு கையாலும் பிடுங்கி எடுத்து, அடுத்த இடத்தில் வைத்தாள். வரப்பில் வழுக்கி விழுந்து, எழ முடியாத இடத்தில் எழ முயலாமல், உட்கார்ந்த வாக்கிலேயே பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் போனாள். அவள் போன தடம் நெளிந்து, வளைந்து, திருகி, சுழித்து, புரண்டு, துவண்டு கிடந்தது. தங்கச்சியின் தடிமனான அகராதியில் அத்தனைக்கும் ஒவ்வொரு வார்த்தை இருந்திருக்கும், ஆனால் அந்தப் பாதையில் போன உடம்புக்கு அது ஒன்றும் வார்த்தையாக இல்லை, வலியாகத்தான் இருந்தது.

மழை விட்டு, பொழுது சாயும்போது பலகைக்கு வந்துசேர்ந்தாள். மேலக்கரிசல் டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேறு பூசின ஒரு உருவம் கம்பத்தைப் பிடித்து எழுந்து நின்று, தூக்குவாளியைத் திறந்து, தமிழுக்கென்று விட்டிருந்த வெள்ளையின் மேல்பாதியில், தைக்கிற துணியில் சாக்பீஸ் கோடு போடுகிறவளின் நிதானத்தோடு, ஒவ்வொரு எழுத்தாக எழுதிற்று: கீழக்கரிசல்.

அந்தப் பெயருக்கு அகராதி தேவைப்படவில்லை. அதை வாசிக்கத் தெரியாதவர் மேலக்கரிசலில் ஒருவரும் இல்லை. அறுப்புக்கு ஆள் வேண்டுமானால், கிணறு தூர்வார வேண்டுமானால், செத்த மாட்டை எடுக்க வேண்டுமானால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இத்தனை காலமும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பலகையில் எழுதி அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இப்போது பார்த்தார்கள். அவர்கள் வாசித்தார்கள், சாலையும் வாசித்தது.

ஸ்ட்ரெய்ட் ரோடு, கீழக்கரிசல். சாலை டவுனிலிருந்து புறப்பட்டு, மேலக்கரிசலைத் தொடாமல், இம்மி வளையாமல், எந்தப் பம்புசெட்டையும் விசாரிக்காமல், ரோட்டு ஆபீஸ் கேட்டுக்கொண்ட நேரோடு, கீழக்கரிசலுக்குப் போய்ச் சேர்ந்தது. பலகையும் அதன்மேல் ஏறிக்கொண்டு போயிற்று. அன்னக்கொடி அதைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவளும் போனாள். வீட்டுவாசலில் இறங்கி, கட்டையை ஊன்றி, ஒரு அழுத்து அழுத்திப் பார்க்காமலே நடந்து உள்ளே போய்க் குளித்தாள்.

மறுநாள் காலையில் மேலக்கரிசல் கரிசலுக்குள் இறங்கி நடந்து வந்தது. முழங்கால்வரைக்கும் சேற்றோடு சீனிராஜ் முன்னால் வந்தார். செருப்பு ஒன்றுதான் மிச்சமிருந்தது. பின்னால் ராசையா ஒரு மோட்டாரைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரர், பிள்ளைத்தாய்ச்சியான ஒரு மருமகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்த இரண்டு பெண்கள். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அன்னக்கொடி தன் வீட்டு ஸ்டூலைக் கொண்டுவந்து பலகையடியில் போட்டாள்.

"அம்மா இசக்கி" என்றார் சீனிராஜ், நாளது வரைக்கும் சொல்லாத மரியாதையோடு. "லேசா ஒரு வளைவு. எங்க பக்கமா. சின்னதா வளையிறதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்கும்லா?"

இசக்கிக்குக் கண்ணில் ஒளி வந்துவிட்டது. எங்கேயிருந்து ஆரம்பிக்கலாம் என்று முந்தானையைச் செருகினாள். அதற்குள் அன்னக்கொடி கருப்பு எனாமல் டப்பாவையும் பிரஷ்ஷையும் சீனிராஜ் கையில் கொடுத்தாள்.

"வளைவெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? உங்க ஊர்ப் பேரை எழுதிக்கோங்க. எங்க பேருக்குக் கீழ இடம் இருக்கு."

சீனிராஜ் பிரஷ்ஷை வாங்கினார். பலகையைப் பார்த்தார். மேலே இங்கிலீஷ், அடுத்து கீழக்கரிசல், அதற்கும் கீழே, ஒரு பெயர் தாராளமாக எழுதுகிற அளவுக்கு வெள்ளை.

"இல்ல... மேலக்கரிசலை எப்படிக் கீழ..." என்று யாரோ பின்னாலிருந்து ஆரம்பித்தார்.

"மேலன்னா மேற்குன்னுதான் அர்த்தம்னு நீங்கதான அண்ணாச்சி எப்பவும் சொல்லுவீங்க, உசத்தி தாழ்த்தியெல்லாம் அதுல இல்லைன்னு?" என்றாள் இசக்கி, சீனிராஜைப் பார்த்து. "அப்ப எங்க எழுதுனா என்ன?"

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பிள்ளைத்தாய்ச்சிப் பெண்தான், "ஏதாவது ஒன்னை எழுதித் தொலைங்க மாமா, என்னால இன்னொரு தரம் அந்தச் சேத்துல நடக்க முடியாது" என்றாள். பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு கருப்பு சீனிராஜின் வேட்டியில் விழுந்தது. அவர் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

ஏழே காலுக்கு பஸ் வந்தது. அவர் எழுதினாரா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்க அன்னக்கொடிக்கு நேரமில்லை. ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் வைத்திருந்த தூக்குவாளியை, ஆள் உட்கார இடம் இருக்கட்டும் என்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.